மீன் தொட்டி ஓவர்ஃப்ளோ காற்று வாங்கினால்: சரிசெய்யலாமா, துளை போடலாமா, சம்பையே எடுத்துவிடலாமா?

மேல்தொட்டியில் மிஞ்சும் தண்ணீரைக் கண்ணாடி விளிம்பு தாண்டிக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டிக்கு, அதாவது சம்புக்கு, இறக்கும் குழாய்தான் ஓவர்ஃப்ளோ; அங்கிருந்து மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். கையால் செய்த பி.வி.சி. ஓவர்ஃப்ளோ ஒரு தடவை தொட்டியை வழியவிட்டுவிட்டால், அப்புறம் வீட்டில் யாருக்கும் அதன்மேல் நம்பிக்கை இருக்காது. வெளியூர் கிளம்பும்போதெல்லாம் மோட்டாரை நிறுத்திவிட்டுப் போவார்கள். ஓட்டம் நின்ற சம்பில் ஆக்சிஜன் குறைந்து, கழிவைத் தின்று வளர்ந்த பாக்டீரியா செத்துப்போகும். திரும்பி வந்து மோட்டாரைப் போட்டால் அந்தக் கெட்ட தண்ணீர் அப்படியே மீனிடம் போகும். அந்த நிலைமைக்குப் போகுமுன் ஒரு முடிவு எடுத்துவிடுவது நல்லது. இருக்கும் குழாயையே குறை கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். அதன் உச்சியிலிருந்து காற்றை இழுக்க ஒரு சின்ன மோட்டாரைச் சேர்க்கலாம். கண்ணாடியில் துளை போட்டு, விளிம்புக்கு மேலே ஏறித் தானே இழுத்து வடியும் இந்த சைபனையே ஒழித்துவிடலாம். அல்லது கீழ் சம்பை விட்டுவிட்டுத் தொட்டிக்கு மேலே வடிகட்டிப் பெட்டி வைத்துக்கொள்ளலாம்.

இந்த நான்கையும் எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: வீட்டில் ஆள் இல்லாதபோது கரண்ட் போய், திரும்பி வந்தால் என்ன ஆகும்? சத்தம், அழகு, செலவு எல்லாம் அதற்குப் பிறகு. டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்தினால் மாலைவரை கரண்ட் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் எத்தனை தடவை போய் வரும் என்று சொல்ல முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இடைவிடாத மின்சாரத்தை நம்பிப் போட்ட வெளிநாட்டு வரைபடங்களை அப்படியே எடுத்து இங்கே பொருத்தினால் சிக்கல்தான்.

முதலில் குழாய் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடலாம். தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தில் ஒரு குழாய் வாயைத் திறந்து நிற்கும். தண்ணீர் அதில் விழுந்து கீழே இறங்கி, அடியில் எல்போவில் (வளைந்த இணைப்பில்) திரும்பி மேலே ஏறும். கண்ணாடி விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கம் இறங்கி, மறுபடி திரும்பிக் கொஞ்சம் ஏறி, ஒரு டீயில், அதாவது ‘T’ வடிவ மூவாய் இணைப்பில், போய் முடியும். டீயின் மேல்வாய் காற்றுக்குத் திறந்திருக்கும். பக்க வாயிலிருந்து தண்ணீர் சம்புக்குப் போகும். கரண்ட் போனால் தொட்டி மட்டம் உள்வாய் வரை இறங்கி நின்றுவிடும். உள்ளே ஒரு வளைவு, வெளியே ஒரு வளைவு, இரண்டும் தண்ணீரோடு நிற்பதால் சைபன் அறுவதில்லை. கரண்ட் வந்ததும் தொட்டி மட்டம் ஏறி, தானாகவே ஓட்டம் தொடங்கும். இவ்வளவும் நடக்க ஒரே நிபந்தனை, விளிம்பைத் தாண்டும் அந்த உச்சியில் காற்று சேரக் கூடாது.

நம் வாய்க்கால்கள் வடிகாலைக் கடக்கும் இடங்களில் அடியில் கட்டியிருக்கும் சைபனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது கீழே இறங்கி மேலே ஏறுவதால் எப்போதும் நிறைந்தே இருக்கும், காற்று தானே வெளியேறிவிடும். மீன் தொட்டிக் குழாய் மேலே ஏறி இறங்குகிறது. உச்சியில் உள்ள தண்ணீரின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் அங்கே ஒரு மூட்டு விட்டிருந்தால் தண்ணீர் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். “எங்கேயும் ஒழுகலையே, அப்புறம் ஏன் நிக்குது?” என்று பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் மாற்ற வேண்டாம். கண்டுபிடிக்கத் தேவையானது மெடிக்கல் கடையில் கிடைக்கும் 50 மி.லி. சிரிஞ்சு ஒன்று, உச்சியில் ஒட்டிய ஒரு காற்றுக் குழாய், அதற்கு ஒரு சின்னத் திருகு வால்வு. சிரிஞ்சை மாட்டி இழுத்து, தண்ணீர் வரும்வரை காற்றை எடுத்துவிட்டு வால்வை மூடுங்கள். மோட்டாரை ஓடவிட்டு ஒரு நாள் கழித்து மறுபடி இழுத்து, தண்ணீர் வருவதற்குமுன் எத்தனை மி.லி. காற்று வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் மோட்டாரை நிறுத்தி, சில மணி நேரம் விட்டு அதேபோல் இழுத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் மீனுக்கு ஏர் மோட்டார் ஓடட்டும். ஓட்டமே இல்லாதபோதும் காற்று சேர்ந்திருந்தால் மூட்டு விட்டிருக்கிறது. ஓடும்போது மட்டும் சேர்ந்தால், தண்ணீரோடு குமிழி வருகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

மூட்டுக் குறை என்றால் சந்தேகமே இல்லாமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள். மேலே எம்-சீல் பூசுவது, சிலிக்கான் தடவுவது எல்லாம் கொஞ்ச நாளுக்குத்தான். விளிம்பைத் தாண்டும் பகுதியில் இரண்டு எல்போ, நடுவில் ஒரு துண்டுக் குழாய் என்று பொதுவாக வைப்பார்கள். அங்கேயே நாலு மூட்டு ஆகிவிடுகிறது. ஈரக் குழாயில் சொல்யூஷன் (குழாய் ஒட்டும் பசை) பிடிக்காது. மணல்தாளால் லேசாகத் தேய்த்து, துடைத்து, காயவைத்து, குழாய்க்கும் எல்போவுக்கும் இரண்டுக்கும் தடவி, செருகிக் கால்வட்டம் திருப்பிப் பிடிக்க வேண்டும். பி.வி.சி.க்கு பி.வி.சி. சொல்யூஷன், சி.பி.வி.சி.க்கு அதனுடையது. மாற்றி ஒட்டினால் ஒட்டினமாதிரி இருந்துவிட்டு, சில மாதத்தில் மயிரிழை விடும்.

ஓடும்போதுதான் காற்று சேர்கிறது என்றால் பெரும்பாலும் குழாய் பெருத்துப்போனதுதான் காரணம். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். “பெரிய குழாய் போட்டா நல்லா வடியும்” என்றுதான் எல்லாரும் ஒரு சைஸ் கூட்டி வாங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 1000 லிட்டர் ஓடுகிறது என்றால் நொடிக்கு சுமார் 278 மி.லி. உள்விட்டம் 40 மி.மீ. குழாயில் அது நொடிக்கு 22 செ.மீ. வேகத்தில் போகும். 25 மி.மீ. குழாயில் 57 செ.மீ. வேகம். தண்ணீரில் ஒரு சாதாரணக் குமிழி மேலே ஏறும் வேகமே நொடிக்கு 20, 30 செ.மீ. இருக்கும். ஆகவே பெரிய குழாயில் உச்சிக்கு வந்த குமிழி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. சின்னக் குழாயில் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு வெளிப்பக்கம் இறங்கிவிடுகிறது.

அதற்காக ஒரேயடியாகச் சின்னதாக்கிவிடவும் முடியாது. ஐந்தாறு எல்போ தாண்டி 25 மி.மீ. குழாயில் 1000 லிட்டர் போக வேண்டுமென்றால், உள்வாய் மட்டத்துக்கும் வெளி டீ மட்டத்துக்கும் 12 செ.மீ. அளவுக்கு உயர வித்தியாசம் வேண்டும். டீயை அவ்வளவு கீழே வைத்தால், கரண்ட் போகும்போது உள்குழாயில் தண்ணீரும் அவ்வளவு இறங்கும். உள்வளைவு அதற்கும் கீழே, வாயிலிருந்து 20 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தாக வேண்டும். கையால் செய்த பல குழாய்களில் இந்த உள்வளைவு ஒரு விரல் நீளம்தான் இருக்கிறது. ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. கரண்ட் போய் வந்தால் மட்டும் தகராறு.

டீயின் மேல்வாயை யாராவது சத்தம் தாங்காமல் மூடியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது மூடியிருந்தால் சம்புக்குப் போகும் கால் முழு சைபனாகி வெளிவளைவுத் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். மூடி வேண்டுமென்றால் அதில் ஒரு துளை இருக்கட்டும். துளையைப் பெரிதாக்கிச் சின்னதாக்கித்தான் கடகட சத்தத்தை அடக்க முடியும். ஓட்டம் அதிகமாகத் தெரிந்தால் வடியும் பக்கம் பால் வால்வு வைக்காதீர்கள், மோட்டார் பக்கம் வையுங்கள். ஏர் ஸ்டோன் உள்வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். வாய்க்குச் சீப்புப்போல் ஹேக்சா பிளேடால் கீறிய ஜல்லடை போடாவிட்டால், நத்தையோ குட்டி மீனோ ஒரு நாள் போய் அடைக்கும்.

மன்னார்குடியில் ஒரு தம்பி, நாலடித் தொட்டியில் ரெண்டு ஆஸ்கார் மீன் வளர்க்கிறார். அவர் கேட்டதும் இதே கேள்விதான். “அண்ணே, பேசாம துளை போட்டுடலாமா?” தொட்டியைக் காலி பண்ண முடியுமா என்று கேட்டேன். “ரெண்டும் ஒரு அடி நீளத்துக்கு வந்துடுச்சுண்ணே. எதுல போட்டு வைக்கிறது?” முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் அதுதான். மீன் ஓடும் தொட்டியா, காலித் தொட்டியா என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

காலித் தொட்டி என்றால் நான் தயங்காமல் துளை போடச் சொல்வேன். தண்ணீர் பள்ளத்துக்குப் போவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உச்சி கிடையாது, காற்று சேர இடம் கிடையாது, கரண்ட் நூறு தடவை போய் வந்தாலும் கவலையில்லை. நம் ஊர்க் கண்ணாடிக் கடையில் ஒட்டித் தரும் தொட்டிகள் பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடிதான். டைமண்ட் கோர் பிட் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அழுத்தாமல், மெதுவாகத் துளைக்கலாம். டஃபன்டு (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியாக இருந்தால் பிட் பட்டதும் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும், அதனால் கடைக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விளிம்பிலிருந்து துளையின் விட்டம் அளவாவது தள்ளி இருக்க வேண்டும். துளையில் மாட்டும் டேங்க் நிப்பிளை முதலில் வாங்கி அளந்துவிட்டு அப்புறம் பிட் வாங்குங்கள். ஒன்றுக்கு இரண்டு துளை போட்டு, ஒன்றில் தினசரி ஓட்டம், இன்னொன்று அதைவிட அரை அங்குலம் உயரத்தில் சும்மா நிற்கும் அவசரக் குழாய் என்று வைத்துவிட்டால், முதல் குழாயை இலை அடைத்தால்கூட வீடு நனையாது.

ஓடும் தொட்டிக்கு, காற்றை இழுக்கும் மோட்டாரைச் சேர்ப்பதா என்று பார்க்கலாம். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன மோட்டாரான பவர்ஹெட்டில் காற்று உறிஞ்ச ஒரு மூக்கு இருக்கும். உச்சியிலிருந்து காற்றுக் குழாயைக் கொண்டுவந்து அதில் மாட்டினால், சேரும் காற்றை அது இழுத்துக்கொண்டே இருக்கும். சைபன் அறுந்திருந்தாலும் கரண்ட் வந்ததும் தானே பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஒரு கண்ணி உள்ளது. கரண்ட் போனதும் அந்த மெல்லிய குழாயே ஒரு சைபனாகிவிடுகிறது. பவர்ஹெட் சம்பில் இருந்தால் உச்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இழுத்து, ஏதாவது ஒரு வளைவைக் காலியாக்கிவிடும். மேல்தொட்டியில் இருந்தால் தலைகீழாக, தொட்டித் தண்ணீர் அந்தக் குழாய் வழியே உச்சிக்கு ஏறி வெளியே போய், மூக்கு தண்ணீருக்கு மேலே தெரியும்வரை வடிந்து, கடைசியில் காற்று வாங்கிவிடும். ஆகவே பவர்ஹெட் மேல்தொட்டியில்தான் இருக்க வேண்டும். நடுவில் ஒரு குட்டி என்.ஆர்.வி. (ஒரு பக்கம் மட்டும் போகவிடும் வால்வு) வேண்டும், அம்புக்குறி உச்சியிலிருந்து பவர்ஹெட்டைப் பார்த்து. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அந்த என்.ஆர்.வி.யின் ரப்பர் மேல் வெள்ளைப் படிவு கட்டி, மூடாமல் நின்றுவிடும். மாதம் ஒரு தடவை கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும்.

ஒன்றுக்கு இரண்டு சைபன் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். அதே சைஸ் குழாயில் இரண்டு போட்டால் ஒவ்வொன்றிலும் வேகம் பாதியாகி, இரண்டுமே காற்று வாங்கும். மெல்லிய குழாயில் இரண்டு போட்டால் குமிழி பிரச்சினை தீரும். ஆனால் ஒன்று நின்றுபோனால் மற்றது இரட்டை வேகத்தில் ஓட வேண்டும். அதற்கு நாலு மடங்கு உயர வித்தியாசம் வேண்டும், அது தொட்டியில் இருக்காது. மோட்டாரைப் பாதியாகக் குறைத்தால்தான் இரண்டாவது குழாய் உண்மையான காவல். விளிம்பு தாண்ட எல்போவுக்குப் பதில் கனமான டிரான்ஸ்பரன்ட் ஹோஸை மடங்காமல் வளைத்துப் போட்டால் இன்னும் நல்லது. மேலே மூட்டே இல்லை, காற்று சேர்வதும் கண்ணுக்குத் தெரியும்.

சிலர் சைபனே வேண்டாம் என்று, கீழே அனுப்ப ஒரு மோட்டார், மேலே ஏற்ற ஒரு மோட்டார் என்று வைப்பதுண்டு. இதைச் செய்யவே செய்யாதீர்கள். இரண்டு மோட்டார் ஒரே அளவு தள்ளாது, ஏதாவது ஒரு தொட்டி வழிந்தே தீரும்.

மேல் பெட்டி வடிகட்டியை நிறையப் பேர் மட்டமாக நினைக்கிறார்கள், அது நியாயமில்லை. தொட்டிக்குள் இருக்கும் மோட்டார் தண்ணீரை மேலே உள்ள தட்டுகளுக்கு ஏற்றுகிறது. பஞ்சு, கல், பயோ பால் (பாக்டீரியா தங்கும் பிளாஸ்டிக் உருண்டை) வழியாக அது தானே சொட்டித் தொட்டிக்கே திரும்புகிறது. கரண்ட் போனால் பெட்டியில் உள்ளது தொட்டியில் விழும், அவ்வளவுதான். இதில் வழியக்கூடிய ஒரே வழி, பஞ்சு அடைத்துத் தட்டின் விளிம்பைத் தாண்டுவது. அதற்குத் தட்டில் ஒரு அவசரத் துளை போதும். மூன்றடிக்கு உட்பட்ட தொட்டிக்கு, கோல்டு ஃபிஷ், கப்பி, கௌராமி வளர்ப்பவருக்குச் சம்பே தேவையில்லை என்பது என் கருத்து. ஆஸ்கார், அரோவானா போல நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் என்றால்தான் சம்பின் கொள்ளளவுக்கு மதிப்பு வருகிறது.

மன்னார்குடித் தொட்டிக்கு ஆகவே சைபனைத்தான் சரிசெய்தோம்: 40 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு 25, ஆழமான உள்வளைவு, பவர்ஹெட், என்.ஆர்.வி. அதைவிட முக்கியமாக, சைபன் என்றைக்காவது அறும் என்று வைத்துக்கொண்டு சம்பின் கணக்கைப் போட்டோம். எந்த வழியில் போனாலும், சம்ப் இருக்கும் எல்லாரும் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். மட்டம் 1 செ.மீ. மாறினால் 5.4 லிட்டர். கரண்ட் போனதும் 3 செ.மீ. இறங்குகிறது என்றால் 16 லிட்டர் கீழே வரும். சம்ப் 75 செ.மீ.க்கு 35 செ.மீ.; அங்கே மட்டம் 6 செ.மீ. ஏறும், அவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும். மோட்டாரிலிருந்து மேலே வரும் குழாயின் வாய் தண்ணீருக்குள் 15 செ.மீ. மூழ்கியிருந்தால் கதையே வேறு. அதுவும் சைபனாகி 81 லிட்டரைத் திருப்பி அனுப்பும், சம்ப் தாங்காது. மட்டத்துக்கு ஒரு விரல் கீழே அந்தக் குழாயில் ஒரு சின்னத் துளை போட்டால், காற்று புகுந்து அங்கேயே நின்றுவிடும். பாசி அடைக்காமல் அந்தத் துளையை ஊசியால் குத்திவிட்டுக்கொண்டே இருங்கள். என்.ஆர்.வி. வைத்திருக்கிறேன் என்று துளையை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது எதிர்ப்பக்கம். சைபன் அறுந்து மோட்டார் மட்டும் ஓடினால், சம்பில் எவ்வளவு உண்டோ அவ்வளவும் மேலே போகும். தடுப்புக் கண்ணாடி இல்லாத சம்பில் 18 செ.மீ. தண்ணீர் என்றால் 47 லிட்டர்; மேல்தொட்டி 9 செ.மீ. கிட்ட ஏறி ஹாலில் நிற்கும். தடுப்பு வைத்து, மோட்டார் நிற்கும் அறையை 25 செ.மீ.க்கு 35 செ.மீ. என்று சுருக்கிவிட்டால் ஏறக்கூடியது 16 லிட்டருக்குள், அதாவது 3 செ.மீ. தொட்டியின் மேலே 4 செ.மீ. காலி விட்டிருந்தால் ஒரு சொட்டு வெளியே வராது. மோட்டார் வெறுமனே ஓடிக் கருகலாம்; அதற்கு, தண்ணீர் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் வைத்தால் அதுவும் தப்பிக்கும். சின்ன அறை என்பதால் வெயில் காலத்தில் ஆவியாகும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் தினமும் பார்க்கத்தான் வேண்டும்.

வேலை முடிந்ததும் மெயினை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, சம்பின் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். மறுபடி போட்டு, ஓட்டம் சீரானதும் இன்னொரு கோடு. உடனுக்குடன் நிறுத்திப் போட்டு நிறுத்திப் போட்டும் பாருங்கள், மழைநாளில் கரண்ட் அப்படித்தான் வரும். இனி மோட்டார் ஓடும்போது எப்போதும் கீழ்க்கோட்டுக்கு மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டு சம்புக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தால் எடுத்துச் சுவரில் அடியுங்கள். வயர் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, அப்புறம் மேலே ஏறட்டும்; வயர் வழியே இறங்கும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அந்த லைனில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் போட்ட பிறகே தொட்டிக்குள் கை விடுங்கள்.